திருகோணமலையின் கடலும் வயலும்: சக்தி எங்கே போகிறது, சத்து எப்படித் திரும்புகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். சாதாரண தரப் பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிவரும் பெற்றோரும், சில வேளைகளில் தம்பலகாமத்து வயற்காரர்களும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். படங்களில் புல், மான், சிங்கம் என்று வரைந்திருப்பார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கடல், கண்டல், குளம், வயல் எல்லாம் ஒரே நாளில் சுற்றிப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கின்றன.

சக்தி "பாய்கிறது" என்கிறோம், போசணைகள் "சுழல்கின்றன" என்கிறோம். ஏன் இரண்டு சொற்கள்?

கடலுக்குப் போகும் ஒரு வள்ளத்தை எண்ணிக்கொள்ளுங்கள். இயந்திரத்தில் ஊற்றிய மண்ணெண்ணெய் எரிந்து வள்ளத்தை ஓட்டுகிறது. கரைக்குத் திரும்பும்போது தாங்கி வெறுமையாகிவிடும். எரிந்த எண்ணெயின் வெப்பம் காற்றிலும் நீரிலும் கலந்து போயிற்று. அதை யாராலும் திரட்டி மறுநாளைக்கு ஊற்ற முடியாது. வலை அப்படியல்ல. உதறி, கிழிசலைப் பொத்தி, காயவைத்து, மறுநாளும் அதே வலையைத்தான் கடலில் விடுகிறார்கள்.

சக்தி அந்த மண்ணெண்ணெய், போசணை அந்த வலை. சூரியனிடமிருந்து ஒவ்வொரு நாளும் புதிதாக வரும் சக்தி ஓர் உயிரிலிருந்து அடுத்த உயிருக்குப் போய், ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பமாகக் கசிந்து, கடைசியில் விண்வெளிக்குத் திரும்பிவிடுகிறது. காபன், நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் போன்றவை வெளியிலிருந்து வந்துகொண்டிருப்பதில்லை. பூமியில் உள்ளதைத்தான் எல்லா உயிர்களும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றன. விடைத்தாள்களில் "சக்தி வட்டம்" என்று எழுதும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அப்படி ஒரு வட்டம் கிடையாது. இந்த ஒன்று விளங்கிவிட்டால் பாடத்தின் பாதி விளங்கிவிடும்.

உணவுச் சங்கிலியில் அம்புக்குறியை எந்தப் பக்கம் போட வேண்டும்?

தின்னப்படுவதிலிருந்து தின்பதை நோக்கி. அம்பு காட்டுவது சக்தி போகும் திசையை. யார் யாரைத் துரத்துகிறார் என்பதை அல்ல. நெத்தலி → சூரை.

வெயிலில் எவ்வளவு பங்கு உணவாக மாறுகிறது?

மிகச் சிறிய பங்கு. தாவரத்தின் மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 1 சதவீதமே ஒளித்தொகுப்பால் உணவாகச் சேமிக்கப்படுகிறது என்பது பொதுவான கணக்கு. அதிலும் ஏறக்குறையப் பாதியைத் தாவரம் தன் சொந்தச் சுவாசத்துக்கே செலவழித்துவிடும். மிச்சம்தான் நமக்கும் மாட்டுக்கும் புழுவுக்கும். உலகின் ஒளித்தொகுப்பில் சுமார் பாதி கடலில் நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் செய்பவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களான தாவரப் பிளாந்தன்கள். நிலாவெளிக் கடலில் ஒரு கை நீரை அள்ளினால் அதில் ஒரு சிறு தோட்டமே இருக்கிறது.

"பத்து சதவீத விதி" என்றால் என்ன? மீதித் தொண்ணூறு எங்கே போகிறது?

ஒரு போசணை மட்டத்திலிருந்து (உணவுச் சங்கிலியின் ஒரு படியிலிருந்து) அடுத்ததற்குச் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு சக்தியே போய்ச் சேர்கிறது என்பதுதான் விதி. 10,000 கிலோ தாவரப் பிளாந்தன் இருந்தால் 1,000 கிலோ விலங்குப் பிளாந்தன் வளரும். அதிலிருந்து 100 கிலோ நெத்தலி. அதிலிருந்து 10 கிலோ சூரை. அதிலிருந்து 1 கிலோ சுறா. சந்தையில் சுறாத் துண்டு ஒன்றை வாங்கும்போது அதற்குப் பின்னால் எவ்வளவு பெரிய பச்சைக் கடல் நிற்கிறது என்று பாருங்கள்.

மீதி மூன்று வழியில் போகிறது. ஒரு பங்கு தின்னப்படாமலே செத்து அடியில் படிகிறது. ஒரு பங்கு தின்னப்பட்டும் சமிக்காமல் கழிவாக வெளியேறுகிறது. பெரும்பங்கு, உயிரோடு இருப்பதற்கான செலவு: நீந்த, துரத்த, தப்பி ஓட, இதயம் துடிக்க. சூரை நீந்துவதை நிறுத்தினால் பூக்களின் (செவுள்களின்) மேல் நீர் ஓடாது, மூச்சு நின்றுவிடும். அதனால் பிறந்தது முதல் சாகும்வரை நீந்திக்கொண்டே இருக்கிறது. அப்படி வாழும் மீன் தின்ற இரையில் எவ்வளவைத் தசையாகச் சேர்த்து வைக்க முடியும்?

பத்து என்பது கல்லில் பொறித்த எண் அல்ல. இடத்துக்கு இடம் 5 முதல் 20 சதவீதம் வரை மாறும். இந்தக் கணக்கை முதலில் ஒழுங்காகப் போட்டவர் ரேமண்ட் லிண்டமன் என்ற அமெரிக்க இளைஞர். மினசோட்டா மாநிலத்தில் ஒரு சிறிய சதுப்பு ஏரியை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து, அதில் வாழும் எல்லாவற்றையும் சக்திக் கணக்காக மாற்றி எழுதினார். ஆய்விதழின் மதிப்பீட்டாளர்கள் அதை முதலில் ஏற்கவில்லை. 1942இல் கட்டுரை அச்சாகி வந்தபோது அவர் உயிரோடு இல்லை. இறக்கும்போது வயது 26. இந்தப் பாடத்தை நடத்தும் ஒவ்வொரு முறையும் அவர் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

அப்படியானால் நீலத் திமிங்கிலம் எப்படி அவ்வளவு பெரிதாக வளர்கிறது?

சங்கிலி குறுகியது என்பதால். நீலத் திமிங்கிலம் சுறாவைத் தின்பதில்லை. சின்ன இறால் போன்ற உயிர்களைக் கூட்டம் கூட்டமாக, வாய் நிறைய நீரோடு அள்ளி வடிகட்டித் தின்கிறது. தாவரப் பிளாந்தன், சிற்றிறால், திமிங்கிலம்: இரண்டே தாவல். இடைத்தரகர் குறைந்தால் சந்தையில் விவசாயிக்குக் கூடுதலாகக் கிடைப்பது போலத்தான்.

செத்த பிறகு என்ன நடக்கிறது? பிரிகையாக்கிகளை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறீர்கள்?

பிரிகையாக்கிகள் என்பவை செத்ததைச் சிதைக்கும் பற்றீரியா, பங்கசு போன்றவை. அவை இல்லாவிட்டால் வலை ஒருபோதும் கரைக்குத் திரும்பாது.

தம்பலகாமக் குடாவின் ஓரத்தில் உள்ள கண்டல் மரங்களுக்கு அடியில் போய், விழுந்த ஓர் இலையைக் கையில் எடுங்கள். இப்போதுதான் விழுந்தது என்றால் மஞ்சளாக, தோல் போலத் தடிப்பாக இருக்கும். உதிர்க்குமுன்பே மரம் அதிலிருந்த நைதரசனில் ஒரு பகுதியை உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது, சிக்கனமான மரம். பக்கத்தில் சேற்றில் சில வாரமாகக் கிடக்கும் இலையை எடுத்துப் பாருங்கள். கரும்பழுப்பு. விரலால் தேய்த்தால் வழுக்கும். அந்த வழுவழுப்புத்தான் பற்றீரியாவும் பங்கசும். ஓரங்களை நண்டு கடித்திருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நரம்புகளுக்கு இடையே ஊசித் துளைகள் தெரியும்.

இதில் ஒரு வியப்பு உண்டு. பச்சை இலையை விட இந்த அழுகல் இலை சத்தானது. இலையின் சீனிப்பொருள் குறையக் குறைய, அதன்மேல் குடியேறிய நுண்ணுயிர்களால் நைதரசனின் பங்கு கூடுகிறது. கழிமுகத்து இறாலும் மீன்குஞ்சும் அந்த மேற்பூச்சைத்தான் வழித்துத் தின்கின்றன. கண்டல் இலையில் சிறு பங்கே உயிரோடு இருக்கும்போது தின்னப்படுகிறது. மீதியில் பெரும்பகுதி இந்த அழுகல் வழியாகத்தான் கடலுக்குள் போகிறது. "கண்டலை வெட்டினால் இறால் குறையும்" என்று கிண்ணியாவில் வலை வீசுபவர்கள் சொன்னால் நம்புங்கள். சேற்றைக் கிளறினால் வரும் கூழ்முட்டை நாற்றத்துக்கும் பயப்பட வேண்டாம். ஒட்சிசன் இல்லாத ஆழத்தில் வேறொரு வகைப் பற்றீரியா அழுகலைத் தொடர்ந்து நடத்துகிறது. அது வெளிவிடும் ஐதரசன் சல்பைட்டு அது.

காற்றில் 78 சதவீதம் நைதரசன். பிறகு ஏன் யூரியா வாங்குகிறோம்?

வீட்டு வாசலில் கடல் இருந்தும் குடிக்க ஒரு குவளை நீர் இல்லாத நிலை அது. காற்றிலுள்ள நைதரசன் அணுக்கள் இரண்டிரண்டாக மும்மைப் பிணைப்பில் இறுகிக் கிடக்கின்றன. அதைப் பிரிக்கும் ஆற்றல் எந்தத் தாவரத்துக்கும் இல்லை. மின்னல் கொஞ்சம் பிரிக்கும். பயறு, கௌபி போன்ற அவரையினப் பயிர்களின் வேர்முடிச்சில் வாழும் பற்றீரியா பிரிக்கும். வயல்நீரில் மிதக்கும் அசோலாவுக்குள் வாழும் நீலப்பச்சை உயிர்களும் பிரிக்கும். நான்காவது வழி மனிதனுடையது: 1909இல் ஆய்வுகூடத்தில் ஃபிரிட்ஸ் ஹேபர் செய்துகாட்டி, 1913இல் ஜெர்மனியில் தொழிற்சாலையாக எழுந்த அமோனியா உற்பத்தி. யூரியா அங்கிருந்து வருகிறது. அதில் 46 சதவீதம் நைதரசன்.

போட்டதெல்லாம் நெல்லுக்குப் போவதில்லை என்பதையும் வயற்காரர் அறிந்துகொள்ள வேண்டும். நீர் நின்ற சேற்றில் இன்னொரு பற்றீரியா, யூரியாவிலிருந்து உருவாகும் நைத்திரேற்றை மீண்டும் நைதரசன் வாயுவாக்கிக் காற்றுக்கே அனுப்பிவிடும். ஒரே முறையில் அள்ளி வீசாமல் பயிரின் பருவம் பார்த்துப் பிரித்துப் போடச் சொல்வது அதனால்தான்.

வைக்கோலை வயலிலேயே எரிக்கிறோம். சாம்பல் பசளைதானே?

பாதி உண்மை. வைக்கோலில் உள்ள பொற்றாசியம் சாம்பலில் தங்கும். நைதரசன் அநேகமாக முழுவதும் புகையோடு போய்விடும், காபனும் அப்படியே. நெற்பயிர் உறிஞ்சிய பொற்றாசியத்தின் பெரும்பகுதி கதிரில் இல்லை, வைக்கோலில்தான் இருக்கிறது. ஆகவே அதைப் பரப்பி உழுது மண்ணுக்குள் மடிய விட்டால் எல்லாமே மிஞ்சும். ஒரேயொரு எச்சரிக்கை: உழுத உடனே விதைக்காதீர்கள். வைக்கோலைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் முதல் சில வாரங்களுக்கு மண்ணின் நைதரசனைத் தாமே பிடித்துக்கொள்ளும், இளம்பயிர் மஞ்சளாகும். இடைவெளி விட்டால் அந்தக் கடனை அவையே திருப்பிக் கொடுக்கும்.

2021இல் இரசாயனப் பசளையை நிறுத்தியபோது விளைச்சல் ஏன் விழுந்தது? சேதனப் பசளை இயற்கையானதல்லவா?

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது; நவம்பரில் தடை விலக்கப்பட்டது. அந்தப் பெரும்போகத்தில் நாடு முழுவதும் நெல் விளைச்சல் கடுமையாகச் சரிந்தது. கணக்கு எளியது. ஒரு தொன் நெல் வயலை விட்டுப் போகும்போது அதோடு ஏறத்தாழ 10 முதல் 12 கிலோ நைதரசன் போகிறது. யூரியாவில் அது ஒரு சாக்கின் பாதி. கூட்டெருவில் நைதரசன் பெரும்பாலும் 1, 2 சதவீதமே. அதே அளவைக் கொடுக்க 500 முதல் 1,200 கிலோ வரை வேண்டும். அதுவும் உடனே கிடைக்காது, நுண்ணுயிர்கள் பிரித்துத் தரும் வேகத்தில்தான் கிடைக்கும்.

சேதனப் பசளை மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அது மண்ணை வளர்க்கிறது, ஈரத்தைப் பிடிக்கிறது. ஆனால் பல ஆண்டுகளில் கட்டவேண்டிய ஒரு சுழற்சியை ஒரே போகத்தில் கட்டிவிடலாம் என்று நினைத்தது பெரும் பிழை. விலை கொடுத்தவர்கள் வயற்காரர்கள். இதை இப்போதும் ஆறாத மனத்தோடுதான் எழுதுகிறேன்.

பொசுபரசைப் பற்றி அதிகம் பேசுவதில்லையே?

பேச வேண்டும், ஏனென்றால் அதற்குக் காற்று வழி கிடையாது. நைதரசன் தொலைந்தால் காற்றிலிருந்து மீளலாம். பொசுபரசு பாறையிலிருந்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து பயிருக்கு, கடைசியில் கடலடிச் சேற்றுக்குப் போகிறது. அந்தச் சேறு மீண்டும் பாறையாகி நிலமாக எழப் பல கோடி ஆண்டுகள் ஆகும்.

குளக்கோட்டன் கட்டியது என்று தமிழ் மரபு சொல்லும் கந்தளாய்க் குளத்து நீர் தம்பலகாமத்து வயல்களுக்குப் பாய்கிறது. அங்கே விளைந்த நெல் மூட்டையாகி லொறியில் கொழும்புக்குப் போகிறது. பயிர் எடுத்த பொசுபரசின் பெரும்பகுதி வைக்கோலில் அல்ல, நெல்மணியில்தான் இருக்கிறது. ஒரு தொன்னுக்கு இரண்டு மூன்று கிலோ. அது கொழும்பில் சோறாகி, மலக்குழிக்கும் கழிவுநீருக்கும் போகிறது. தம்பலகாமத்துக்குத் திரும்புவதில்லை. முன்பு ஊரில் விளைந்ததை ஊரே உண்டு, மாட்டெருவாகவும் குப்பையாகவும் அதே நிலத்தில் போட்டார்கள். வட்டம் சிறிதாக இருந்தது. இப்போது வட்டம் வெட்டப்பட்டு நேர்கோடாகிவிட்டது. நமது எப்பாவலையில் பொசுபேற்றுப் பாறை உண்டு. ஆனால் அது மெதுவாகக் கரைவது. தேயிலை, தென்னை போன்ற நீண்டகாலப் பயிருக்குப் பொருந்தும், மூன்றரை மாத நெல்லுக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

கடலில் யார் பசளை போடுகிறார்கள்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. கடலின் மேற்பரப்பில் வெளிச்சம் உண்டு, சத்து குறைவு. ஆழத்தில் சத்து உண்டு, வெளிச்சம் இல்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் மீன். வங்காள விரிகுடாவில் இந்தச் சந்திப்பு கடினம். பெரிய ஆறுகள் கொண்டுவரும் நன்னீர் எடை குறைந்தது. ஒரு மூடி போல மேலே மிதந்து, அடியிலுள்ள சத்தை எழவிடாமல் தடுக்கிறது. அரபிக் கடலை விட நம் கடலின் விளைச்சல் குறைவாக இருப்பதற்கு அது ஒரு முக்கிய காரணம்.

ஆனால் திருகோணமலைக்குச் சில வழிகள் வாய்த்திருக்கின்றன. வாடைக் காற்றோடு மழை கொட்டும் மாதங்களில் மகாவலி மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிறது. மலைநாட்டு மண், இலைக்குப்பை, வயல்களில் கழுவிய பசளை எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டும். குடா பழுப்பாகும். இரண்டாவது, சோளகக் காலத்தில் இலங்கைக்குக் கிழக்கே கடலில் இடஞ்சுழியாக ஒரு பெரும் சுழல் உருவாகிறது. அதன் நடுவில் குளிர்ந்த ஆழ்நீர் மேலெழுகிறது. கடலாய்வாளர்கள் அதை இலங்கைக் குவிமாடம் என்கிறார்கள்.

மூன்றாவது, திமிங்கிலம். நம் துறைமுக வாசலிலிருந்தே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்கி, ஆயிரம் மீற்றருக்கும் கீழே இறங்குகிறது. ஆழ்கடல் கரைக்கு இவ்வளவு அருகில் வருவதால்தான் கோணேசர் மலையில் நின்றபடியே சில நாள் திமிங்கிலத்தின் மூச்சுத் தூவானத்தைக் காண முடிகிறது. எண்ணெய்த் திமிங்கிலம் ஆயிரம் மீற்றருக்கும் கீழே போய்க் கணவாய் தின்கிறது. கழிப்பதோ மேலே வந்து. நைதரசனும் இரும்பும் நிறைந்த அந்தக் கழிவு வெளிச்சத்தில் பரவ, தாவரப் பிளாந்தன் செழிக்கிறது. புவியீர்ப்பு கீழே இழுக்கும் சத்தை மேலே தூக்கிவரும் விலங்கு அது. நீலத் திமிங்கிலத்தின் கழிவு செங்கல் நிறத்தில் நீரில் விரிவதைப் படகிலிருந்து ஒருமுறை பார்த்தேன். கூட வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு அது தைமாதத்து வயலில் விழும் எருவைப் பார்த்தது போல இருந்தது.

சத்து கூடினால் நல்லதுதானே? குளம் பச்சையாவதை ஏன் கெடுதல் என்கிறீர்கள்?

பசளை கழுவிய நீர் குளத்தில் சேர்ந்தால் அல்கா என்ற பாசியும் சல்வீனியா என்ற மிதக்கும் களையும் பெருகும். பெருகியவை செத்து அடியில் விழும். அவற்றைச் சிதைக்கும் பற்றீரியா நீரிலுள்ள ஒட்சிசனைத் தின்றுவிடும். விடியற்காலையில் மீன் வாய்பிளந்து மேலே வரும். இதற்கு நற்போசணையாக்கம் என்று பெயர். பெயரில் மட்டும்தான் நன்மை.

புறாத் தீவு இதற்கு மறுபக்கம். நிலாவெளிக்கு எதிரே உள்ள அந்தத் தீவு 2003இல் தேசிய பூங்கா ஆனது. முருகைக்கல் (பவளம்) வாழ்வதற்குத் தெளிந்த, சத்துக் குறைந்த நீர் வேண்டும். முருகையின் திசுவுக்குள் வாழும் அல்கா உணவு செய்து கொடுக்கிறது. முருகையின் கழிவிலுள்ள நைதரசனை அல்கா எடுத்துக்கொள்கிறது. ஒரே உடலுக்குள் ஒரு முழுச் சுழற்சி. அங்கே கழிவுநீரும் பசளைநீரும் போய்ச் சேர்ந்தால் வெளியிலுள்ள பாசி பெருகி முருகையை மூடிவிடும்.

நகரத்தில் திரியும் புள்ளிமான்கள் எந்த மட்டத்தில் வருகின்றன?

முதல்நிலை நுகரி. ஆனால் அவற்றைத் தின்ன நகரத்தில் சிறுத்தை இல்லை, தின்பதற்குப் போதிய புல்லும் இல்லை. கோட்டை வாசலிலும் கடற்கரையிலும் நம் சோற்றுப் பொட்டலங்களைக் கிளறுகின்றன. பொலித்தீனை எந்தப் பிரிகையாக்கியும் மானின் வயிற்றுக்குள் பிரித்துவிடப் போவதில்லை. உணவு கொடுக்க ஆசைப்பட்டால் பையோடு எறியாதீர்கள். அதைவிடக் கொடுக்காமல் இருப்பதே மேல்.

பெரிய மீனில் இரசம் (பாதரசம்) அதிகம் என்கிறார்களே?

ஆம். சக்தி ஒவ்வொரு தாவலிலும் குறைகிறது. மெதைல் இரசம் போன்ற நஞ்சு உடலை விட்டு எளிதில் வெளியேறாததால் ஒவ்வொரு தாவலிலும் செறிகிறது. சுறா, வாள்மீன் போன்றவற்றைக் கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் தவிர்ப்பது நல்லது. நெத்தலி, சூடை, சாளை தாராளமாகச் சாப்பிடலாம். மலிவும் கூட.

சூரியன் இல்லாமலே இயங்கும் சூழற்றொகுதி உண்டா?

உண்டு. 1977இல் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே கடலடி வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி, ஐதரசன் சல்பைட்டிலிருந்து சக்தி பெறும் பற்றீரியாவை நம்பி வாழும் உயிர்க்கூட்டம் கண்டுபிடிக்கப்பட்டது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் அப்படியா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவை வெயில் படும் இடத்தில் உள்ளவை, ஒப்பிட முடியாது.

பிள்ளைக்கு இதையெல்லாம் எங்கே காட்டலாம்?

காலையில் உப்புவெளிப் பக்கம் கரைவலை இழுக்கும் இடத்துக்குக் கூட்டிப்போங்கள். மடி கரைக்கு வந்ததும் கூடையில் என்ன மீன் எவ்வளவு என்று எண்ணச் சொல்லுங்கள். நெத்தலியும் சூடையும் கூடை கூடையாக இருக்கும், பாரை ஒன்றிரண்டு. கீழ்மட்டத்தில் அதிகம், மேலே போகப் போகக் குறைவு: அதுவே பாடப்புத்தகத்துப் பிரமிட்டு. பிறகு பத்து நிமிடம் அங்கேயே நில்லுங்கள். மணலில் சிந்திய மீனைக் காகம் கொத்தும், மேலே பருந்து வட்டமிடும், நாய் ஒரு தலையைக் கவ்விக்கொண்டு ஓடும். எல்லாரும் போன பிறகு மணல் நிற நண்டு வளையிலிருந்து கண்ணை மட்டும் நீட்டிப் பார்த்து, ஒரு செதிலை இழுத்துக்கொண்டு உள்ளே போகும்.